பம்புக் கிணற்றில் கடல் நத்தை

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது மந்தாரக்குப்பம் கடையில் வாங்கிவந்த முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து என்று சொல்லிக் கட்டிக்கொடுத்ததில் ஒன்பதுதான் இருந்தது. ஏற்கெனவே எரிச்சல்.

"சார், பதினேழாம் நம்பர் பம்புத் தண்ணில குட்டி குட்டியா நத்தை வருது சார். கடல் நத்தை மாதிரி இருக்கு."

"எத்தனை?"

"நிறைய சார்."

"நிறையன்னா எத்தனை?"

"எண்ணல சார். போட்டோ எடுத்திருக்கேன். குரூப்ல போட்டுடட்டுமா?"

"போடாதே!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் குழாய் வாயில் துணி கட்டி வைத்து, விழுவதை எண்ணி, மறுநாளும் அதே போல எண்ணிச் சொல்லும்படி கேட்டுவிட்டு வைத்தேன். கத்தியதற்கு வருத்தம் இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் கத்திவிட்டேன். அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். சுரங்கத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படித்தவர்கள். பம்பைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அதே பதினேழாம் நம்பர் கிணற்றில், அதே நத்தையோடு, நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

நம் வேலையை வெளியாருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் சுரங்கத்தின் தரையை மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. முட்டும் வேகம் குறையும்படி நாம் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறோம். இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. ஆகவே ஒரு பம்பு நின்றால் இரண்டு பக்கம் கேள்வி வரும். சுரங்கத்துக்குள் தரை ஈரமாகிறது என்பார்கள். வெளியே வயல் காய்கிறது என்பார்கள். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் நம் பிரிவில் சம்பளம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பதினேழாம் நம்பர் கிணற்றைத் தோண்டினோம். பம்பு ஓட ஆரம்பித்த அன்று காலை, தண்ணீரில் மணல் வருகிறதா என்று பார்க்கக் குழாய் வாயில் துணி கட்டினார்கள். மணல் வரவில்லை. நத்தை வந்தது. அரிசி மணி அளவுகூட இல்லாத வெள்ளை ஓடுகள். திருகாணி போல முறுக்கிக்கொண்டு நுனியில் ஊசியாக முடியும். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரைக் கேட்டாலும் 'சிப்பிங்க' என்கிறார்கள். சிப்பிக்கு இரண்டு கதவு. இது ஒற்றை வீடு. இந்த வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

முதல் ஒரு மணி நேரத்தில் விழுந்தது நூற்று நாற்பத்து மூன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே, அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் பொறியாளர் உள்ளங்கையில் ஐந்தாறை வைத்துப் படம் எடுத்தார். பெயர் வேண்டாம், அந்த அம்மாள் இன்று உங்களில் பலருக்கு அதிகாரி. படத்துக்குக் கீழே 'சுரங்கத்துக்கு அடியில் கடல்?' என்று எழுதிப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கேள்விக்குறி போட்டிருந்தேனே என்று பிற்பாடு என்னிடம் வாதாடினார். செய்தி அடுத்த குழுவுக்குப் போனபோது கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு அது செய்தியாகவே போனது.

மத்தியானம் மந்தாரக்குப்பத்தில் டீக்கடை பாய் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "சார், கடலு சேத்தியாத்தோப்ப தாண்டிடுச்சாமே?"

"யாரு சொன்னது?"

"சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்த பஸ்ஸுல சொல்லிகினாங்க."

"அவங்க எப்படி வந்தாங்க பாய்? படகுலயா?"

பாய் சிரித்தார். ஆனால் டீயை என் கையில் கொடுக்கும்போது, "தண்ணி கரிக்குதான்னு பாத்து சொல்லுங்க" என்றார்.

கடலுக்கும் நமக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் மண் இருக்கிறது. உப்பு அந்த மண்ணுக்குள் புகுந்து வரலாம். அதற்கே பல ஆண்டுகள் ஆகும். அரிசி மணி அளவு நத்தை, ஊசி நுழையாத மணல் இடுக்கில் எப்படி நடந்து வரும்? இதை அன்று மட்டும் பதினொரு பேரிடம் சொன்னேன். பதினொரு பேரும் தலையாட்டினார்கள். பதினொரு பேரும் அடுத்த ஆளிடம் கடல் வந்துவிட்டது என்றே சொன்னார்கள்.

மத்தியானம் மறுபடி ஒரு மணி நேரம் துணி கட்டினேன். அறுபத்தொன்று.

இந்த இடத்தில் என் முதல் அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. எரிச்சலூட்டும் மனிதர். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஷெட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று ஒருவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூடக் கீழே வைக்காமல், "எத்தனை?" என்று கேட்டார். ஓடிவந்தவன் நின்று, யோசித்து, "ஒண்ணுதான் சார்" என்றான். "அப்ப நாம பத்துப் பேர் இருக்கோம்" என்றார். எண்ணினால் பாம்பு செத்துவிடாது. ஆனால் எண்ணுகிறவன் ஓடிக்கொண்டே எண்ண முடியாது, நிற்க வேண்டும். அன்றைக்கு அந்த ஷெட்டில் தேவைப்பட்டது அதுதான்.

நூற்று நாற்பத்து மூன்று, அறுபத்தொன்று. கடல் என்றால் கூடிக்கொண்டே போகும். யாரோ எங்கோ போட்ட ஒரு பிடி என்றால் குறைந்துகொண்டே போகும். இவை குறைந்தன. மீட்டர் வைத்துத் தண்ணீரின் உப்பை அளந்தேன். பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் அதே அளவுதான். இரண்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், தெய்வபக்தி உள்ளவர், சட்டென்று பயப்படுகிறவர். நான் அறைக்குள் நுழைவதற்கு முன்பே பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டிருந்தார்.

"ரெண்டு நம்பர வெச்சு நான் என்னய்யா சொல்றது? சென்னைக்கு சாம்பிள் அனுப்பு. ரிப்போர்ட் வரட்டும்."

"மூணு வாரம் ஆகும் சார்."

"ஆகட்டும்."

"மீட்டர் நல்ல தண்ணின்னு காட்டுது சார்."

"மீட்டர் ரிப்பேரா இருக்கும்."

வெளியே வந்தால் வாசலில் அஞ்சலை நின்றிருந்தார். பதினேழாம் நம்பர் வாய்க்காலின் கடைசி மடையில் அவருக்கு இரண்டு ஏக்கர். அது போக வேறு நிலம் இல்லை, கணவரும் இல்லை. அந்தப் பக்கம் வேறு எந்தப் பம்பின் தண்ணீரும் ஏறாது. பழைய பம்பு பழுதான பிறகு, புதுக் கிணறு வரும் என்று நாங்கள் சொன்ன வார்த்தையை நம்பித்தான் நவரைப் பட்டத்து நெல்லை நட்டிருந்தார். நெல் தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் வெளியே வரும் அந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. உப்புத் தண்ணீர் பட்டாலும் பிடிக்காது. அவருடன் வந்த நான்கு பேர் ஏற்கெனவே மடையில் மணல் மூட்டை போட்டு அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆக, பம்பையும் நிறுத்தியாகிவிட்டது, மடையையும் அடைத்தாகிவிட்டது. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு முட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், கடல் தண்ணிய வாய்க்கால்ல தொறந்து வுட்டுட்டு இங்க வந்து பேசிகினு இருக்கீங்க?"

நான் மீட்டரைக் காட்டினேன். எண்ணைக் காட்டினேன். நத்தை நடந்து வர முடியாது என்பதைப் பன்னிரண்டாவது முறையாகச் சொன்னேன்.

"மீட்டர வெச்சிகினு நான் இன்னா பண்றது? அறுவடைக்கு மீட்டரயா அறுப்பேன்?"

"வேணும்னா உங்க முன்னாடியே ஒரு சொம்பு குடிக்கிறேன்மா."

"நீங்க குடிச்சா ஆச்சா? நீங்க இன்னா நெல்லா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நாளு தாங்காதுங்க" என்று போகும்போது அஞ்சலை மெல்லச் சொன்னார். "மூணு நாளு, மிஞ்சிப்போனா நாலு நாளு. அதுக்குள்ள நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு யாராச்சும் ஒரு ஆளு நிச்சயமா சொல்லணும். சொல்றவங்க பேச்சு நம்புற மாரி இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறைத்தது. நான் சரியாகச் சொல்லியிருந்தேன். நம்பும்படி சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நத்தைகளை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பூமிக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்த ஓடு சுண்ணாம்புக் கட்டி போல வெளிறியிருக்கும், தொட்டால் மாவாகும். இவை பளபளத்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் தேன் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று சாயம் போகாமல் ஓடியது. எட்டுச் சுற்று; சிலவற்றில் ஒன்பது. இருபத்திரண்டாவது ஓட்டில்தான் விஷயம் இருந்தது. இந்த நத்தை உள்ளே சுருங்கிக்கொள்ளும்போது வாசலை அடைத்துக்கொள்ள ஒரு மூடி வைத்திருக்கும். வெங்காயத் தோலில் துளி கிள்ளியது போல இருக்கும். செத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அது கழன்று விழுந்துவிடும். இந்த ஓட்டில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது, இந்த நத்தை பத்து நாளுக்கு முன் ஏதோ ஒரு கடற்கரையில் உயிரோடு இருந்திருக்கிறது.

பத்து நாளுக்கு முன் என்ன? சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். மாசி மகம்.

மாசி மகத்தன்று இந்தச் சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடலுக்குக் குளிக்கப் போகும். சாமிக்குப் பின்னால் ஊரே போகும். டவுன்ஷிப்பில் பாதிப் பேர் அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் இருந்திருப்பார்கள். அத்தனை பேரில் யாரைப் போய்க் கேட்பது? போனை எடுத்து, நம் பிரிவுக் குழுவில் அந்த இளம் பொறியாளர் போட்ட படத்துக்கு மேலே தள்ளிக்கொண்டே போனேன். காலை வணக்கங்கள் பதினான்கு. பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி, இருபத்தாறு. அதற்கும் மேலே, மாசி மகத்துக்கு மறுநாள் தேதியில், பதினேழாம் நம்பர் கிணற்றுக்குப் பூஜை போட்ட படம். பம்பை இறக்குவதற்கு முன், திறந்திருந்த கிணற்று வாயில் எங்கள் பிரிவுத் தலைவர் வேட்டி கட்டிக்கொண்டு நின்று, ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே முப்பத்தொன்பது பேர் கைகூப்பும் குறி போட்டிருந்தார்கள். அந்த முப்பத்தொன்பது பேரும் கடல் எப்படி வந்தது என்று நேற்று முழுவதும் விவாதித்தவர்கள்.

அலையில் குடத்தை முக்கி எடுத்தால் பாதி மணலாகத்தான் வரும். கிணற்றில் ஊற்றியதும் மணல் கனத்தால் அடியில் தங்கிவிட்டது. காற்றுப் போல லேசான நத்தை ஓடுகள் மட்டும் பம்பு இழுத்ததும் மேலே ஏறி வந்துவிட்டன.

இளையவர்களே, எனக்கு வந்த கோபத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தப் படத்தையே எடுத்து, 'கடல் வந்த வழி' என்று எழுதி, குழுவில் போடத் தயாராக வைத்தேன். விரல் அனுப்பும் பொத்தானின் மேல் இருந்தது. போட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கூனிக்குறுகுவார். கூனிக்குறுகிய அதிகாரி தன் உத்தரவைத் திரும்பப் பெற மாட்டார். சென்னை ரிப்போர்ட் வரட்டும் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். மூன்று வாரம். அஞ்சலையின் நெல்லுக்கு இருந்தது மூன்று நாள், அதிலும் ஒன்று போய்விட்டது. நான் ஜெயிப்பேன், நெல் பதராகும். எழுதியதை அழித்துவிட்டு அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமா, பூஜை படம். மாமியார் வீடு திருவதிகைல்ல. மகத்துக்கு எல்லாரும் சாமியோட போனோம். புதுக் கிணத்துல ஊத்துனா ஊத்துக்கண்ணு அடையாதுன்னு மாமியார் குடுத்து விட்டாங்க."

"கடல் தண்ணி சார் அது."

"அது எப்படிய்யா கடல் தண்ணி? சாமி குளிச்ச தீர்த்தம்."

அவர் நடிக்கவில்லை. அது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. கடல் நத்தை என்றதும் அந்த மனிதர் உண்மையாகவே கடலை நினைத்துப் பயந்திருக்கிறார். தன் குடம் அவர் நினைவுக்கு வரவே இல்லை, ஏனென்றால் குடத்தில் இருந்தது கடல் இல்லை. மூடி ஒட்டிய நத்தையை மேஜைமேல் வைத்தேன். லென்ஸைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல சார். நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

போனை எடுத்துப் பம்பைப் போடச் சொன்னார். பிறகு என்னிடம், "அந்த விவசாயிங்ககிட்ட போரிங் சாமான்ல ஒட்டிகிட்டு வந்துடுச்சு, கழுவியாச்சுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"நேத்து நெஜத்தச் சொன்னேன், அதையே நம்பல சார். இன்னிக்குப் பொய்ய எப்படி நம்புவாங்க? நீங்களே வந்து சொல்லுங்க."

வந்தார். வரப்பில் செருப்பைக் கழற்றி விட்டு நடந்தார். அஞ்சலையும் அந்த நான்கு பேரும் மடையருகே நின்றிருந்தார்கள். இரண்டு ஏக்கரும் பச்சை மாறாமல்தான் நின்றது. ஆனால் கால் வைத்தால் சேறு ஒட்டவில்லை. அஞ்சலை ஒரு நெல் தாளை உரித்துக் காட்டினார். உள்ளே கதிர், வெளியே வரத் தயாராக. நான் வாய் திறப்பதற்குள் எங்கள் அதிகாரி கையைக் கூப்பிவிட்டார்.

"அம்மா, தப்பு என்னுதுதான். மாசி மகத்துத் தீர்த்தத்தக் கிணத்துல ஊத்துனேன். அதுல இருந்த சிப்பிதான் வந்தது."

திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். கேலியாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அஞ்சலை கேட்டது வேறு.

"எந்த சாமி தீர்த்தம்?"

அவர் சொன்னார். அஞ்சலை என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு முறைப்பை என் முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் எந்த மேலதிகாரியிடமும் நான் பார்த்ததில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? நேத்து பூராவும் மீட்டரு, நம்பருன்னு இன்னாத்தையோ சொல்லிகினு இருந்தீங்களே! தீர்த்தத்தப் போயி நான் மூட்ட போட்டு அடைச்சு வெச்சிகினு இருக்கேன்." நான்கு பேரைப் பார்த்து, "எடுங்கடா மூட்டைய" என்றார்.

அதே தண்ணீர். அதே நத்தை. கடல் என்றபோது அடைத்தவர்கள், தீர்த்தம் என்றதும் திறந்துவிட்டார்கள். என் இரண்டு எண்ணையும் மீட்டரையும் கடைசிவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்று மாலை ஒரு மணி நேரம் துணி கட்டினேன், ஒன்பது. மறுநாள் இரண்டு. இதையும் யாரும் கேட்கவில்லை. அந்த நவரையில் அஞ்சலைக்கு நெல் நன்றாகவே விளைந்தது. அதற்குக் காரணம் என்ன என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கிணற்றில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது என்று, பம்பை இறக்கிய பிறகும் திறந்திருந்த, தண்ணீர் மட்டம் பார்க்கும் துளைக்கு இரும்பு மூடி போட வைத்தேன். ஆறு போல்ட். ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு மாசி மகத்துக்குப் பிறகும் அஞ்சலை மடையருகே என்னை மறித்து, "இந்த வருசம் ஊத்தலயா?" என்று கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

போன வாரம் போன் செய்தவர் சொன்னபடி எண்ணிவிட்டுக் கூப்பிட்டார். முதல் நாள் எழுபத்தாறு, மறுநாள் முப்பது. பம்பு ஓடட்டும் என்றேன். பிறகு மாசி மகம் என்றைக்கு என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அஞ்சலைக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, நான்தான் ஊத்துனேன். நீங்க போன அப்புறம் யார கேட்டாலும் இன்னாம்மா தீர்த்தம், இன்னாம்மா மகம்னு முழிக்கிறாங்க. எத்தினி வருசம் கேட்டுகினே நிக்கிறது? ஒரு சொம்புதான் ஊத்துனேன்."

"மூடி போட்டிருக்கேனே, அதை எப்படிம்மா தொறந்தீங்க?"

"அது இன்னா பெரிய மூடி? நாலு போல்ட்டுதானே. எம் மவன் ஸ்பேனர் எடுத்தாந்து கழட்டுனான். திருப்பி மாட்டிட்டோம், கவலப்படாதீங்க."

நான் போடச் சொன்னது ஆறு. ஆகவே, பதினேழாம் நம்பர் கிணற்றைப் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும், இதைப் படித்து முடித்ததும் போய் அந்த மூடியில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லவும். 'சரியாக இருக்கிறது சார்' என்று சொல்ல வேண்டாம். எண் சொல்லவும்.